ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு நார்கள்

சண்முகக்கனி ஊரை விட்டுப் போன பிறகும், அவளுடைய வலது தொடையிலிருந்து பாசிப்பயறு அளவுக்கு வெட்டியெடுத்த சதை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. அவள் எங்கேயோ நடந்த நடையையெல்லாம் அதுவும் கண்ணாடிச் சில்லுக்குள் கிடந்தபடியே நடந்தது. ஆலங்கிணற்றில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெளியூர்க்காரர்களுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

கனிக்கு அப்போது இருபத்துநாலு வயது. கடலைமிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் போடுகிற வேலை. அப்பா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே தவறிவிட்டார். அம்மா அன்னபாக்கியம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டையில் தீக்குச்சி அடுக்கி மகளை வளர்த்தாள்; எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பொங்கல் கழிந்த வாரத்தில் கனி கம்பெனி மாடிப்படியில் முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி ஏறுவதைக் கூட இருந்தவர்கள் பார்த்தார்கள். மாசியில் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஜன்னல் கம்பியைத் தேடினாள். பங்குனியில் சமதரையில் நடந்துபோனவள் ஒன்றும் தடுக்காமலே விழுந்தாள். அன்னபாக்கியம் அவளை டாக்டர் நூர்ஜஹானிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா சதை நோய்களுக்கென்றே படித்தவர், பெரிய ஊர்களில் கூப்பிட்டும் போகாமல் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டவர். அவர் கனியின் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், பிறகு மரத்துப்போக ஊசி போட்டு அந்தத் துளிச் சதையை எடுத்தார்.

அந்தச் சதையை உறையவைத்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் படம் பிடிப்பது லேப் டெக்னீஷியன் ஞானசுந்தரியின் வேலை. படத்தில் தசைநார்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, சித்திரையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலத்தை மேலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். முன்பெல்லாம் அவள் ஒவ்வொரு நாரின் ஓரத்தையும் மவுஸால் வரைந்து வரைந்து எண்ணுவாள். ஒரு படத்துக்கு இரண்டு நாள் ஆகும். கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், மணிக்கட்டு வீங்கிப்போகும். அப்புறம்தான் டாக்டரம்மா அந்தச் சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தார். படத்தைக் கொடுத்தால் போதும். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் அது ஒவ்வொரு நாருக்கும் மஞ்சள் கோட்டால் வரப்பு கட்டி, நிதானமாக நெடுநேரம் உழைக்கிற நார் எது, சட்டென்று இழுத்துச் சட்டென்று களைக்கிற நார் எது என்று நிறம் பிரித்து, ஒவ்வொன்றின் பருமனையும் அளந்து, அவற்றைச் சுற்றி ஓடுகிற நுண்ணிய ரத்தக்குழாய்களையும் எண்ணிக் கடைசியில் ஒரே வரியில் தொகையைச் சொல்லிவிடும். அதற்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. ஞானசுந்தரி அதை 'எண்ணி' என்று கூப்பிட்டாள், ஊரும் அப்படியே கூப்பிட்டது.

"நான் சலிச்சுப்போய் விட்டுட்டுப் போற நாரையெல்லாம் அது விடாது. ஓரத்துல நசுங்கிக் கிடக்குறதுக்கும் ஒரு நம்பர் குடுத்துரும்" என்று, நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல அவள் சொல்வாள்.

கனியின் ஸ்லைடில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு நார்கள் என்று எண்ணி சொன்னது. சில வீங்கியும் சில நூலாய் இளைத்தும் கிடந்த விதத்தைப் பார்த்து டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். மருந்து கிடையாது, ஆனால் மெதுவாகத்தான் போகும், இன்னும் பத்து வருஷம் நடக்கலாம், அதற்கப்புறம் சக்கர நாற்காலி தேவைப்படலாம் என்றார். அன்னபாக்கியம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்தாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கனி கைப்பேசியைத் தலையணைமேல் வைத்து, காலண்டர் தாளில் 'தேடாதீங்க' என்று எழுதி அதன் அடியில் செருகிவிட்டுப் போய்விட்டாள்.

எண்ணி சரியாக எண்ணுகிறதா என்று தினமும் வேலை தொடங்குமுன் சோதித்துப் பார்க்க ஞானசுந்தரிக்கு ஒரு ஸ்லைடு வேண்டும். ஒருநாளும் மாறாத, எப்போது கேட்டாலும் ஒரே விடை வருகிற ஸ்லைடு. அதுவரை அவள் சீவியதிலேயே மடிப்பில்லாத, சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்காத ஸ்லைடு கனியுடையதுதான் என்பதால் அதையே அவள் சோதனைக்கு வைத்திருந்தாள். காலை எட்டரைக்கு அதைப் புதிதாகப் படம் பிடித்து எண்ணியிடம் கொடுப்பாள், எண்ணி பழைய விடையைச் சொல்லும், அவள் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அன்றைய வேலையைத் தொடங்குவாள். கனி ஊரை விட்டுப் போன அதே வாரம் வெள்ளிக்கிழமை விடை மாறியது. நார்கள் ஒரு மயிரிழை பருத்திருந்தன. சனிக்கிழமை இன்னும் ஒரு மயிரிழை. ஞானசுந்தரி விளக்கை மாற்றினாள், லென்ஸைத் துடைத்தாள், சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். மற்ற ஸ்லைடுகளுக்கெல்லாம் பழைய விடைதான் வந்தது, இதற்கு மட்டும் வரவில்லை. கடைசியில் பழையபடி மவுஸைப் பிடித்து இரண்டு நாள் உட்கார்ந்து தன் கையாலேயே அத்தனை நாரையும் வரைந்து பார்த்தாள். அவள் கையும் எண்ணியும் ஒரே தொகையைச் சொல்லின.

"எண்ணி தப்பா எண்ணல, டாக்டரம்மா. ஸ்லைடுதான் மாறுது."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "நிதானமா உழைக்கிற நார்தான் பருத்திருக்கு. இது நடக்கிற காலு, ஞானம்" என்றார். ஞானசுந்தரி எழுந்து கதவைச் சாத்தினாள். நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது. பதினாறு வருஷத்தில் ஞானசுந்தரி ஒருநாளும் சொன்னதில்லை.

கனி போன இருபத்துமூன்றாம் நாள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. ஒரு தோட்டத்துக் கிணற்றில் இளவயதுப் பெண்ணின் உடல் மிதக்கிறது, முகம் தெரியவில்லை, வந்து பாருங்கள் என்றார்கள். அன்னபாக்கியத்தின் வீட்டு முன்னால் தெருவே கூடி, வேனும் வந்து நின்று, அவளை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக ஏற்றப்போகிற நேரத்தில் ஞானசுந்தரி வெள்ளைக் கோட்டோடு தெருமுனையிலிருந்து ஓடிவந்தாள்.

"போகாதீங்கக்கா. அது கனி இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"இன்னைக்குக் காலையிலகூட கனி நடந்திருக்கா. ஏத்தம் ஏறியிருக்கா. நான் அவ ஸ்லைடுல பார்த்துட்டுத்தான் வாரேன்."

எங்களில் நாலு ஆண்கள் மட்டும் போய்ப் பார்த்தார்கள். அது வேறொரு தாயின் மகள். கையில் வேறொரு பெயர் பச்சை குத்தியிருந்தது. அந்தப் பிள்ளைக்காகவும் நாங்கள் அழுதோம், அழுதுகொண்டே கனிக்காகச் சந்தோஷமும் பட்டோம். அன்றிலிருந்து ஆலங்கிணற்றில் எண்ணியின் சொல்லை யாரும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் எட்டரைக்கு அன்னபாக்கியம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். அதற்கடுத்த நாள் அவளோடு தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஆறு பேர் நின்றார்கள். ஒரு வாரத்தில் டீக்கடை காசிலிங்கம் கடை முன்னால் ஒரு சிலேட்டை மாட்டி அன்றைய தொகையை, அதாவது நார்களின் சராசரிப் பருமனை, சுண்ணாம்புக் கட்டியால் எழுத ஆரம்பித்தார். பஸ் டிரைவர்கள் அதைப் பார்ப்பதற்காகவே வண்டியை மெதுவாக உருட்டினார்கள். சந்தித்துக்கொண்டவர்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு இன்னைக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் வகுப்புச் சுவரில் கனியின் காலை ஏறி இறங்கும் கோடாக வரைந்து பிள்ளைகளுக்குச் சராசரி என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தார். மாரியம்மன் கோயிலிலும் மாதா கோயிலிலும் பள்ளிவாசலிலும் அவரவர் முறைப்படி அவளுக்காக வேண்டிக்கொண்டு வந்தவர்கள் காசிலிங்கத்தின் கடையில் ஒன்றாக நின்று சிலேட்டைப் பார்த்தார்கள். ஏன் இப்படி நடக்கிறது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. சாஃப்ட்வேரைச் சோதிக்க வந்த சென்னை இன்ஜினீயர் ஒருவர்தான் கேட்டார். மூன்று நாள் தங்கி, ஒவ்வொரு வரியாகப் பார்த்து, ஒரு சின்னப் பிழைகூட இல்லை, மனுஷக் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்தைக்கூட அது சரியாகப் பிடிக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு கிலோ கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்.

எண்ணி நல்லதை மட்டும் சொல்லவில்லை. நார்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் வந்தது. மாதத்துக்கு நாலு, ஐந்து என்று நூலாய் இளைத்து, பிறகு கோடே போட முடியாதபடி மறைந்துபோயின. ஆனால் ஒன்று போனால் அதன் பக்கத்திலிருந்தது பருத்தது. போனதன் பாரத்தை இருந்தது எடுத்துக்கொண்டது. இதைப் பார்த்துப் பார்த்து ஞானசுந்தரி ஒருநாள் திரையைத் தொட்டுக் கும்பிட்டாளாம். ஆவணியில் ஒரு வாரம் எல்லாமே சரிந்தது. காய்ச்சலாகப் படுத்திருப்பாள் என்றார் டாக்டரம்மா. அந்த வாரம் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் கம்பெனி வேனில் ஏறாமல் நாலு மைல் நடந்தே வேலைக்குப் போனார்கள். யாரும் சொல்லி அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அவள் நடக்காத நடையை யாராவது நடக்க வேண்டும் என்று தோன்றியது, நடந்தார்கள். ஒன்பதாம் நாள் தொகை ஏறியபோது காசிலிங்கம் அன்றைக்குப் போட்ட வடை முழுவதையும் சும்மாவே கொடுத்தார்.

அவள் எங்கே இருக்கிறாள் என்பதையும் எண்ணிதான் சொன்னது. ஏழு நாளைக்கு ஒருமுறை தொகை லேசாகத் தணிவதைக் கணக்கு டீச்சர் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை லீவு இருக்கிற வேலை என்று புரிந்தது. ஒவ்வொரு நாரைச் சுற்றியும் ரத்தக்குழாய்கள் கூடிக்கொண்டே போவதை டாக்டரம்மா பார்த்தார். "காத்து மெலிசா இருக்கிற இடம். உயரமான இடம். அங்கே தினமும் ஏறி இறங்குறா" என்றார். மலை, ஏற்றம், ஞாயிறு லீவு என்றால் தேயிலைத் தோட்டம் என்று அன்னபாக்கியமே சொல்லிவிட்டாள். தீப்பெட்டி பண்டல் ஏற்றிப் போகிற லாரி டிரைவர்கள் போகிற மலையெல்லாம் விசாரித்தார்கள். ஐப்பசியில் சீனிராஜ் என்ற டிரைவர் சேதி கொண்டுவந்தார்: மேகமலையில் ஒரு தோட்டத்து மருந்தகத்திலிருந்து மேல்வரிசை வீடுகளுக்கெல்லாம் மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், கம்பு ஊன்றி, முழங்காலைக் கையால் அழுத்தி ஏறுகிறாள், தோட்டத்தில் அவளை மருந்துக்காரக்கா என்று கூப்பிடுகிறார்கள்.

அன்னபாக்கியமும் ஞானசுந்தரியும் போனார்கள். சின்னமனூரிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறி, பனியும் தேயிலையுமாக இருந்த ஒரு சரிவில் அவர்களை இறக்கிவிட்டது. மருந்தகத்து வாசலில் காத்திருந்தார்கள். பதினொரு மணிவாக்கில் மேலேயிருந்து கனி இறங்கி வந்தாள். தோளில் துணிப்பை, கையில் கம்பு, கறுத்து இறுகிய முகம். அம்மாவைப் பார்த்ததும் நின்றாள். பிறகு ஓடிவரவில்லை, தன் நடையிலேயே வந்து சேர்ந்தாள். அன்னபாக்கியம் மகளின் தோளையும் கையையும் தடவித் தடவி அழுது முடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"உன் தொடைதாம்ட்டி சொல்லுச்சு" என்று அன்னபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக எல்லாவற்றையும் சொன்னாள். கிணற்றுப் பிணம், காசிலிங்கத்தின் சிலேட்டு, டீச்சரின் சுவர், ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல், ரத்தக்குழாய். சொல்லச் சொல்லக் கனியின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"ஊரே பார்த்துச்சா?"

"ஊரே பார்த்துச்சுட்டி. தினமும்."

"நான் காய்ச்சல்ல கிடந்ததையும்?"

"யாரும் வேன்ல ஏறல தெரியுமா?"

கனி மருந்தகத்துப் படியில் உட்கார்ந்தாள். உட்கார அவளுக்கு நேரம் பிடித்தது. அம்மா கையை நீட்டினாள், கனி அதைப் பிடிக்கவில்லை.

"நான் ஏன் போனேன்னு ஒருத்தராவது கேட்டீங்களாம்மா? ரிப்போர்ட் வந்த மறுநாள் தண்ணிக் குடத்தை என் கையிலருந்து வாங்குனீங்க. அதுக்கடுத்த நாள் கம்பெனியில, நீ சும்மா உக்காரு தாயின்னு ஸ்டூல் போட்டாங்க. ஒருத்தர் பையை வாங்குனாங்க, ஒருத்தர் குடையை வாங்குனாங்க. நான் குனிஞ்சு செருப்புப் போடப்போனா நீ வந்து மாட்டிவிடுத. எல்லாரும் நல்ல மனசுலதான் செஞ்சீங்க. ஒன்பது நாள்ல என் கையையும் காலையும் ஆளுக்குக் கொஞ்சமா வாங்கிட்டீங்கம்மா." மூச்சு விட்டுக்கொண்டு சொன்னாள். "பத்து வருஷம் நடக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. உங்க எல்லாருக்கும் சக்கர நாற்காலிதான் காதுல விழுந்துச்சு. எனக்குப் பத்து வருஷம் விழுந்துச்சு."

அன்னபாக்கியம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். ஞானசுந்தரிதான், "என் மேலதான் தப்பு கனி. நான் வெளிய சொல்லியிருக்கக்கூடாது" என்றாள்.

"நீங்க சொல்லலேன்னா எங்கம்மா செத்திருப்பா, அக்கா" என்றாள் கனி. "அன்னைக்குச் சொன்னது சரி. சிலேட்டுல எழுதுனதுதான் சரியில்ல. ஞாயித்துக்கிழமை வாரேன். வந்து என் சதையை வாங்கிட்டுப் போறேன்."

சொன்னபடியே வந்தாள். லேபில் கனி, அவள் அம்மா, டாக்டரம்மா, ஞானசுந்தரி என நாலு பேர்தான் இருந்தார்கள். அங்கே நடந்ததை ஞானசுந்தரி, கனி சம்மதித்த பிறகு, பின்னாளில் எங்களுக்குச் சொன்னாள். கனி முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்றாள். ஞானசுந்தரி ஸ்லைடை வைத்துப் படம் பிடித்து எண்ணியிடம் கொடுத்தாள். மஞ்சள் வரப்புகள் ஒவ்வொன்றாக விழுந்து, கரிசல் நிலம் மாதிரி அவளுடைய தொடை திரை முழுக்க விரிந்தது. கனி வலது காலை மெதுவாக நீட்டினாள். திரையில் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வரப்புகளும் ஒன்றாக இறுகின. மடக்கினாள், தளர்ந்தன. இன்னொரு தடவை நீட்டினாள்.

"எத்தனை போயிருக்கு?"

"முப்பத்தொண்ணு" என்றாள் ஞானசுந்தரி. குரலைத் தணித்து, "மிச்சமெல்லாம் பருத்திருக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

"எங்கெங்க போச்சு? காட்டுங்க."

ஞானசுந்தரி ஒவ்வொரு இடமாகக் காட்டினாள். கனி முப்பத்தொரு இடத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். டாக்டரம்மா சொல்ல ஏதாவது ஆறுதல் வார்த்தை தேடுகிறார் என்பது தெரிந்தது. அதற்குள் கனியே பேசினாள்.

"செத்ததை விட்டுட்டுச் சொல்லல, இருக்குறதைக் கூட்டியும் சொல்லல. ஒண்ணு விடாம எண்ணியிருக்கு." திரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "இந்த ஊர்லயே என்னைப் பாவம்னு சொல்லாதது இது ஒண்ணுதான். நல்லா எண்ணுத. நல்லா இரு."

ஸ்லைடைக் கேட்டாள். டாக்டரம்மா தயங்கினார். "ஸ்லைடு ஆஸ்பத்திரியிலதான் இருக்கணும்னு விதி இருக்கு கனி."

"கண்ணாடியை வேணா வச்சுக்கோங்க டாக்டரம்மா. அதுல ஒட்டியிருக்கறதைக் குடுங்க."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்து, பதிவேட்டில் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு, ஸ்லைடைக் கைக்குட்டையில் சுற்றிக் கனியின் கையில் கொடுத்தார். மலையில் கனி சொன்னதைக் கேள்விப்பட்டுக் காசிலிங்கம் அதற்கு முன்பே சிலேட்டை ஈரத்துணியால் துடைத்து, அன்றைக்குப் போட்ட பலகாரங்களின் பெயரை எழுதிவைத்திருந்தார். மறுநாள் முதல் ஞானசுந்தரி வேறொரு ஸ்லைடைச் சோதனைக்கு வைத்தாள். அதற்கு இன்றுவரை ஒரே விடைதான் வருகிறது, அவளும் கோடு போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குகிறாள்.

திங்கட்கிழமை காலை மருந்து கொண்டுபோக வேண்டும் என்பதால் கனி அன்றைக்கே இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அம்மா மாதம் ஒருமுறை மேலே வருவது என்றும், கனி பண்டிகைகளுக்குக் கீழே வருவது என்றும் அவர்களுக்குள் முடிவாகியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் நாங்கள் நாற்பது பேருக்கு மேல் நின்றோம். கனி எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியருகே வந்து, துணிப்பையைத் தோளில் சரிசெய்து, இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது கையால் முழங்காலை அழுத்தி முதல் படியில் ஏறினாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். எங்கள் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சிலர் பின்னால் கட்டிக்கொண்டோம், சிலர் அக்குளில் இடுக்கிக்கொண்டோம், அன்னபாக்கியம் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். இரண்டாம் படியில் கனி நின்று மூச்சு வாங்கினாள். யாரும் நகரவில்லை. பிறகு அவள் மூன்றாம் படியிலும் ஏறி உள்ளே போனாள்.